பெயர் போட்டால் இனித்துவிடும்

உலகம்மாளுக்குக் குரல்வளையை எடுத்த பிறகுதான் குரல் மிக நன்றாக இருந்தது. இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கும் முதலில் வந்தது. சிரிப்பும் அந்தக் குரலிலேயே வெளியே வந்ததால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

புற்று வந்து, ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டைத் தசை அசைவதை வைத்து நாம் என்ன சொல்ல வருகிறோம் என்று தெரிந்துகொண்டு, நமக்குப் பதிலாக அது பேசும். நான் சொல்கிற காலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. சென்னையில் தெருவுக்கு ஒருவராவது கட்டியிருந்தார்கள். உலகம்மாளின் பட்டைதான் விசேஷம். ஏனென்றால் இந்த உலகம்மாள்தான் மதுரலேகா. பக்திப் பாட்டாகவும் சினிமாப் பாட்டாகவும் ஊர் முழுக்க ஒலித்த மதுரலேகா.

அதற்குச் சில வருஷம் முன்னால்தான் குரல் உரிமைச் சட்டம் வந்திருந்தது. செத்துப்போன நடிகர்களெல்லாம் வீட்டுமனை விளம்பரத்தில் பேச ஆரம்பித்ததால் வந்த சட்டம். பேர் பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு குரலைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்றே ஒன்றுதான். பிறகு அவர் பெயர் எந்த ஒலிப்பதிவில் இருந்தாலும், எந்தக் கருவியில் ஓடினாலும், அது பதிந்த குரலாகத் திருத்தப்பட்டுத்தான் வெளியே வரும். நல்ல சட்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். உலகம்மாளும் சொன்னாள், ஒரு கூட்டத்தில், மாலை போட்டுக்கொண்டு. அவளுடைய பாட்டுக் கம்பெனி அவள் இளமையில் பாடிய பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு குரல் செய்து பதிந்தது. அந்தக் குரலுக்குப் பாட்டுத் தமிழ் தவிர வேறு தமிழ் தெரியாது.

அவள் புருஷனின் போனில், அவள் பெயரில், அவள் பேசிவைத்த ஒரு பதிவு இருந்தது. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க, மறந்தா அங்கனயே படுத்துக்கிடுங்க" என்று. கம்பெனி குரலைப் பதிந்த மறுநாள் அது, "வரும்பொழுது பால் வாங்கி வாருங்கள், மறந்தால் அங்கேயே துயில் கொள்ளுங்கள்" என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அப்போது அவளுக்குச் சொந்தத் தொண்டை இருந்தது. சிரிக்க முடிந்தது.

தொண்டை போன பிறகு கம்பெனி அந்தக் குரலையே பட்டையில் ஏற்றி இலவசமாகக் கொடுத்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கத்தரிக்காய் வண்டிக்காரனிடம் பேரம் பேசினால் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். விலையைக் குறைக்கவில்லை. இன்னொரு தடவை பேசச் சொன்னான். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தென்காசிப் பக்கம் அவள் அக்கா செத்துப்போய், எழவு வீட்டு வாசலில் நின்று அவள் வாயைத் திறந்தபோது, "அக்கா, என்னைத் தனியே விடுத்து எங்கே சென்றாய்" என்று பட்டை எடுத்துக்கொடுத்தது. கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் பந்தலில் ஒருவர் கைதட்டப் போக, பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உலகம்மாள் அன்று அதற்கு மேல் அழவில்லை. பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

ஊரோடு பேசாமல் இருந்துவிடலாம். கட்டின புருஷனோடு அப்படி இருக்க முடியாதே.

சங்கரபாண்டியன் டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருந்தவர். பாட்டில் ஈடுபாடு கிடையாது. பெண்டாட்டி பாட்டு ரேடியோவில் வந்தால், "வீட்டுல கேக்கது போதாதாக்கும்" என்று அமர்த்திவிடுகிற மனுஷன். இப்போது அவருக்கு ஞாபகம் கழன்று கழன்று போனது. சிகிச்சையில் முடி கொட்டி முகம் வீங்கிப்போன உலகம்மாளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ், எந்நேரமும் இடுப்பில் ரேடியோவை வைத்துக்கொண்டு திரிகிறவள் என்று நினைத்தார். அவள் வாயைத் திறந்தாலே, "அந்த ரேடியோவ அமத்து தாயி" என்பார். சாப்பிடக் கூப்பிட்டால், எங்க வீட்ல வந்த பிறகு சாப்பிடுகிறேன் என்பார்.

சாயங்காலம் ஆனால் பெண்டாட்டியைத் தேடிக் கிளம்பிவிடுவார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போவார். உலகம்மாள் பின்னாலேயே போவாள், நான் இங்கேதான் இருக்கிறேன், திரும்பிப் பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே. தெருவில் போகிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் திரும்ப மாட்டார். ஒருநாள் மேம்பாலத்தில் ஏறிவிட்டார். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்த, ஒரு போலீஸ்காரர் அவரை இறக்கிக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து கேட்டைப் பூட்டினாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, போகிற வருகிறவர்களிடம் கெஞ்ச ஆரம்பித்தார். கேட்டு பூட்டியிருப்பதைப் பார்த்தால் அவள் திரும்பிப் போய்விடுவாள், தயவுசெய்து திறந்துவிடுங்கள் என்று.

உலகம்மாள் வடபழனியில் பட்டை பழுதுபார்க்கும் ரிஸ்வானிடம் போனாள். போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். காலம் மாறியதும் தொழிலும் கைக்கருவியிலிருந்து கழுத்துக் கருவிக்கு மாறியிருந்தது. இந்தக் குரல் வேண்டாம், வேறு எதையாவது மாட்டு என்று சொல்லவந்தாள். "இக்குரல் வேண்டாம், வேறொன்று சூட்டிடுவாய்" என்று வந்தது. ரிஸ்வான் எழுந்து நின்றுவிட்டான்.

கடையில் வைத்திருந்த பொதுக்குரல்களை ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்பிப் பார்த்தான். ஒன்றுக்கு சங்கரபாண்டியன், ஆஸ்பத்திரியிலிருந்தா பேசுகிறீர்கள், அவளுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டு நடுங்கிப்போனார். இன்னொன்றுக்கு, தப்பான நம்பர் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். உலகம்மாள் திரும்பவும் கடைக்கு வந்தாள்.

"அம்மா, உங்க சொந்தப் பேச்சு கொஞ்சம் கிடைச்சா போதும், அதுலேருந்து குரல் செஞ்சிடுவேன்," என்றான் ரிஸ்வான். "ஆனா உங்க பதிவு எதை உள்ள விட்டாலும் மதுரலேகாவா மாறிடுது. மெஷினுக்குக் குரல் தெரியாதும்மா. பேர்தான் தெரியும். எழுதியிருந்தாலும் பிடிச்சுக்கும், யாராவது சொல்லியிருந்தாலும் பிடிச்சுக்கும்."

"பெயரில்லாத பதிவு கிடைத்தால்?"

"அதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. யாரோடதுன்னே தெரியாத பழைய குரலை நோயாளிக்குக் குடுக்கலாம். பதிவை வச்சிருக்கற காப்பகத்துல கையெழுத்து போடணும். நீங்களும் போடணும், இது என் குரல் இல்லைன்னு."

"என் குரலை என் குரலன்று என நானே உரைக்க வேண்டுமா?"

"அப்படித்தான்மா," என்றான் ரிஸ்வான். கொஞ்சம் யோசித்து, "நீங்க உரைச்சா நல்லாத்தான் இருக்கும்," என்றான்.

அப்போதுதான் அவளுக்குத் தான் பட்டணத்துக்கு வந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. ஒரு கேசட் கம்பெனியில் குரல் தேர்வு. ஒரு பாட்டு பாடியதும் ஒரு சண்டை போட்டதும். அந்தக் கம்பெனி மூடியபோது நாடாக்களையெல்லாம் அரசாங்க இசைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

காப்பகத்தில் கேத்தரின் இருந்தாள். மூன்றாவது மாடிக்கு அவள்தான் பொறுப்பு. அந்த மாடியைப் புள்ளியியல் துறைக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. புள்ளியியல் துறையின் இரும்பு பீரோக்கள் ஏற்கெனவே இரண்டாவது மாடி வரை ஏறி, மாடிப்படியில் வரிசையாக நின்றன. இந்த வருஷ ஆண்டுவிழாவுக்குள் உலகம் பேசுகிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தால் மாடி தப்பும் என்று டைரக்டர் புருஷோத்தமன் சொல்லியிருந்தார். கேத்தரின் தினமும் பீரோக்களுக்கு இடையில் ஒருக்களித்து ஏறி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

உலகம்மாள் சொன்னதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். "பிள்ளையார் ரூமா? அதை நாங்க திறக்கறதே இல்லையேம்மா."

அந்தக் கேசட் கம்பெனியில் ஒரு வழக்கம். யார் புதிதாகப் பாட வந்தாலும், முருகன் கேசட்டுக்கு வந்தாலும் மேரி மாதா கேசட்டுக்கு வந்தாலும், சோதனைக்கு முதலில் ஒரு பிள்ளையார் பாட்டைப் பாடிவிட வேண்டும். எல்லாருக்கும் அதே பாட்டு. தேறாதவர்களின் நாடாவை அழித்துவிட்டு அதிலேயே அடுத்த ஆளைப் பதிவு செய்யலாம். ஆனால் அழிக்கப் போனால் முதலில் அழிவது பிள்ளையார். எந்த இஞ்சினியருக்கும் கை வரவில்லை. நீ அழி, நீ அழி என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் பெட்டி மேல் "பிள்ளையார்" என்று மட்டும் எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். தேறியவர்களின் சோதனை நாடாவும் அதற்குள்ளேயே போய்விட்டது. கம்பெனி மூடியபோது லாரி நிறையப் பிள்ளையார் வந்து இறங்கினார். அத்தனையும் ஒரே பாட்டு என்பதால் காப்பகத்தில் யாரும் கேட்கவில்லை. ஒன்றிலும் பாடியவர் பெயரும் இல்லை.

இரண்டு பேரும், சட்டத்துக்கு முந்தின, குரலைத் திருத்தத் தெரியாத ஒரு பழைய நாடாக் கருவியை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உலகம்மாள் வருவாள். வீட்டில் அந்த நேரம் சங்கரபாண்டியன் தூங்குவார். பெட்டியைத் திறந்தால் பிள்ளையார். அடுத்ததைத் திறந்தால் பிள்ளையார். பயந்த குரல், ஜலதோஷக் குரல், வீட்டில் சொல்லாமல் வந்த குரல். பாடிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போன பெண்கள். ஒரு நாடாவை உலகம்மாள் திரும்பப் போடச் சொன்னாள். "இவள் என்னினும் இனிதாகப் பாடுகிறாள், மகளே. யார் இவள்?" என்று கேட்டாள். கேத்தரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளையார் என்றுதான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அது கிடைத்தது. பாட்டு சுமார்தான். மூன்றாவது வரியில் சுருதி இறங்கியது. உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டு முடிந்தும் இஞ்சினியர் நாடாவை நிறுத்த மறந்திருந்தார்.

"ஃபேனப் போடுங்கய்யா. வேர்த்து ஊத்துது," என்றது ஒரு கட்டைக் குரல்.

ஃபேன் போட்டால் சத்தம் நாடாவில் விழும் என்றார் ஒருவர்.

"அதான் பாட்டு முடிஞ்சிட்டுல்லா? பிள்ளையாருக்கும் காத்து வேண்டாமா?"

யாரோ சிரித்தார்கள். பெயர் கேட்டார்கள். உலகம்மாள் என்றது குரல். கேசட் அட்டையில் அந்தப் பெயரைப் போட்டால் போகாது, மதுரலேகா என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் கம்பெனிக்காரர்.

"அது யாரு, மதுரலேகா? வீட்டுக்குப் போனா எங்க அம்மா என்னைய என்னன்னு கூப்பிடுவா? பாட்டு வேணும்னா நீங்க சொல்லுத மாதிரி பாடுதேன். பேசுதது நான்தான் பேசுவேன்."

பிறகு சாப்பாடு போடுவதாகச் சொல்லிக் கூட்டிவந்து மத்தியானம் தாண்டியும் ஒரு டீகூட வரவில்லை என்று தொடங்கி, நாடா தீர்கிற வரைக்கும் அந்தப் பெண் வாயை மூடவில்லை.

கேத்தரின் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். மதுரலேகாவின் முதல் பதிவு. அந்தப் பெயர் பிறந்த இடமே அதில் இருந்தது. பீரோக்கள் மட்டுமல்ல, புள்ளியியல் துறையே கட்டடத்தை விட்டு இறங்கிப் போய்விடும். அவள் போனை எடுத்து டைரக்டர் நம்பரைத் தேடினாள். அப்புறம் உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் நாடாக் கருவியின் ஒலிபெருக்கி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"பெயரைப் பொறித்தால் என்ன ஆகும், மகளே?"

"இனிச்சிடும்மா," என்றாள் கேத்தரின்.

போனைக் கீழே வைத்துவிட்டாள்.

பெயரைப் போடாவிட்டாலும் பெயர் நாடாவுக்குள் சொல்லப்பட்டிருக்கிறதே. மெஷின் பிடித்துக்கொள்ளும். கேத்தரின் அன்றைக்கு ஒரு வேலை செய்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் செய்யாத வேலை. பிளேடை எடுத்து, உலகம்மாள் என்று வருகிற இடத்தையும் மதுரலேகா என்று வருகிற இடங்களையும் நாடாவிலிருந்து வெட்டி எடுத்தாள். மிச்சத்தை ஒட்டினாள். வெட்டிய துண்டுகள் மேஜையில் தலைமுடி மாதிரி சுருண்டு கிடந்தன. குப்பைக்கூடை வரை கொண்டுபோனாள். அவளுக்கும் கை வரவில்லை. ஒரு காலிப் பெட்டியில் போட்டு, மேலே "பிள்ளையார்" என்று எழுதி, மற்றப் பிள்ளையார்களோடு வைத்துவிட்டாள்.

அரசாங்கத் தாளில், குரலுக்கு உரியவர் தெரியவில்லை என்று கேத்தரின் கையெழுத்துப் போட்டாள். இது என் குரல் அல்ல என்கிற வரிக்குக் கீழே உலகம்மாள் போட்டாள். உலகம்மாள் என்றுதான் போட்டாள். மதுரலேகா என்று போட்டால் தாளும் இனித்துவிடுமோ என்று இருவருக்கும் பயம்.

டைரக்டர் அன்றைக்குச் சாயங்காலம் ஏதாவது கிடைத்ததா என்று விசாரித்தார். மறுபடியும் பிள்ளையார் பாட்டுதான் சார் என்றாள் கேத்தரின். அதில் பொய் இல்லை. மறுவாரம் பீரோக்கள் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டன. கேத்தரினுக்கும் பிள்ளையாருக்கும் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள்.

ரிஸ்வான் அந்த இளங்குரலில் வயதை ஏற்றினான். எவ்வளவு வயது என்று அவனுக்குச் சந்தேகம். புளி, மிளகாய் வற்றல், டயர்ப் புகை எல்லாம் சேர்த்துத் தோராயமாக ஏற்றியிருக்கிறேன் என்றான். மதுரலேகாவின் குரலை அழிக்க அவனுக்கு அனுமதியில்லை, அது கம்பெனிச் சொத்து. பட்டையின் ஓரத்தில் ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் மட்டும் வருகிற மாதிரி ஒதுக்கிவிட்டான்.

உலகம்மாள் வீட்டுக்கு வந்தபோது சங்கரபாண்டியன் வழக்கம்போல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டம்மா பக்கத்தில் துணைக்கு நின்றிருந்தாள். உலகம்மாள் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததை மறந்துபோனாள்.

"இந்த வெயில்ல கம்பியப் பிடிச்சுக்கிட்டு என்ன நிக்கீக?" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எங்க போயிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இவ்வளவு நேரமா?"

"கூட்டம்."

"சரி, பசிக்கு," என்று உள்ளே போனார். போட்ட சோற்றைத் தின்றார். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்றார். கூடினால் மோரை ஊத்திக்கிடுங்க என்றாள். ஊற்றிக்கொண்டார். அவர் கை கழுவப் போனதும் உலகம்மாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது பார்த்தாள். கட்டையாக, கரகரவென்று, கேட்கவே நன்றாயில்லாமல் வந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அக்காவுக்கு அழாமல் விட்டிருந்ததையும் அப்போதே அழுது முடித்தாள்.

அதற்குப் பிறகு கேட்டைப் பூட்டவில்லை. கத்தரிக்காய் வண்டிக்காரன் அவள் பேரம் பேசியதைக் கேட்டுவிட்டு, இந்த வீட்டில் இருந்த பாட்டுக்கார அம்மா காலி செய்துவிட்டார்களா என்று வருத்தத்தோடு கேட்டான். விலையைக் குறைத்தான்.

பொங்கல் கழிந்து கேத்தரின் அவர்களைப் பார்க்க வந்தாள். சங்கரபாண்டியன் முன்னறையில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலகம்மாள் உள்ளேயிருந்து, "வா பிள்ள, காப்பி போடுதேன், உக்காரு," என்று குரல் கொடுத்தாள். கேத்தரின் பழைய பாட்டுகளெல்லாம் இருக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து வருவதாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

அவர் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். "ரேடியோ ஆபீஸா?"

"கிட்டத்தட்ட," என்றாள் கேத்தரின்.

"நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஒரு நர்ஸம்மா இருந்தா. இடுப்புல ரேடியோ வச்சிருப்பா. அதுல ஒரு பொம்பள பேசிக்கிட்டே கெடப்பா. சாப்பிடுங்க, மருந்து போடுங்க, வெளிய போகாதீங்கன்னு. நான் அமத்து அமத்துன்னு வஞ்சுட்டேன். இப்ப யோசிச்சுப் பாக்கேன். எங்க வீட்ல இல்லாத நேரம் பூரா அவதான என்னையப் பாத்துக்கிட்டா. அப்புறம் அவள ஆளக் காணும். நீங்க பாத்தீகன்னா சொல்லுங்க, மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு."

உள்ளே காப்பி ஆற்றுகிற சத்தம் நின்றது. சமையலறையில் ஒரு பொத்தான் அழுந்துகிற சின்னச் சத்தம் கேட்டது.

"மனதில் ஏதும் வைக்கவில்லை, ஐயா. நலமாக இருங்கள்."

ஊரே கேட்ட அந்தக் குரல் வீடு முழுக்க வந்து நின்றது. சங்கரபாண்டியன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, குரல் வந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு, நல்லது ஒன்று நடந்தால் யாரிடம் முதலில் சொல்வாரோ அந்த ஆளிடம் சொன்னார்.

"ஏட்டி, கேட்டியா?"

ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்கு மாற அந்தப் பட்டைக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ரிஸ்வான் எவ்வளவோ பார்த்தும் அதைக் குறைக்க முடியவில்லை. சங்கரபாண்டியன் சமையலறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.